முன்கூடத்து இறாக்கை

முள்ளியவளை

அன்புள்ள மகளுக்கு,

முன்கூடத்துச் சுவரில் புத்தகங்கள் அடுக்க நாம் செய்விக்கும் தட்டு இறாக்கைக்கு மாதிரியாக நீ அனுப்பிய படத்தை அப்பாவும் நானும் பார்த்து, மரவேலை செய்யும் ஓடாவியாருக்கும் காட்டினோம். சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒரே நீட்டில் ஓடும் மெல்லிய வெள்ளைப் பலகைகளும், அவற்றை எது தாங்குகிறது என்று தெரியாதபடி ஒளித்திருக்கும் வேலைப்பாடும் எனக்கும் பிடித்தே இருந்தன. ஆனாலும் அதை அப்படியே நம் முன்கூடத்துக்குக் கொண்டுவர இயலாது. ஏன் இயலாது என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யத் தீர்மானித்திருக்கிறோம் என்பதையும் எழுத்திலேயே தருகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ பாதியில் மறித்துவிடுவாய்.

படத்திலுள்ள பலகைகளில் இருப்பவை சில சாடிகள். இங்கே ஏறப்போவது அப்பாவின் புத்தகங்கள். ஓரடி நீளத்துக்குப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் ஏறத்தாழ 10 கிலோ பாரம் வரும். ஒரே தடிப்புள்ள பலகையைத் தாங்கும் இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தை இரட்டிப்பாக்கி முழுவதும் நிரப்பினால், அதன் தொய்வு இரு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. தடிப்பை இரட்டிப்பாக்கினாலோ அது எட்டில் ஒன்றாகக் குறைகிறது. இந்தக் கணக்கு ஓடாவியாருக்கு எழுத்தில் தெரியாது, ஆனால் கையில் தெரியும். 12 அடிச் சுவரை நான்கு கண்களாக, அதாவது நான்கு அறைகளாகப் பிரித்து, எந்தக் கண்ணும் மூன்று அடியைத் தாண்டாமல், ஓரங்குலப் பலகை போடவேண்டும் என்று அவர் நான் கேட்குமுன்பே சொல்லிவிட்டார்.

சுவரையும் நீ நினைத்துப் பார்க்கவேண்டும். இது போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா உதவியோடு நாமே நின்று கட்டுவித்த, ஏறத்தாழ 550 சதுர அடி வீடு. சீமெந்துக் கல்லின்மேல் பூசிய பூச்சுக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அதைப் பிடித்திருக்கும் மேற்பக்க ஆணி வெளியே இழுபடும் என்பதால், பாரம் முழுவதையும் நிலத்துக்கு இறக்கும் நிமிர்சட்டங்களையே விரும்பினோம். சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கும், அவையும் இறாக்கை முன்னே சாயாமல் பிடிப்பதற்காக.

மரத்தைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் பேச்சு நடந்தது. கடையில் விற்கும் அழுத்திய தூள்பலகை மாரி ஈரத்தில் ஊதி, ஆணி பிடித்த இடத்தில் உதிர்ந்துவிடும். மலிவு என்பதற்காக அதை வாங்க எனக்கு மனமில்லை. பாலை வைரமான மரம், ஆனால் பாரமும் அதிகம், இழைக்கிறவரின் கையையும் சீவுளியையும் ஒருசேர வருத்தும். முதிரையின் மஞ்சள் மினுக்கத்துக்கு அப்பா ஆசைப்பட்டார். வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதோடு, விலையைக் கேட்டதும் அவரே அமைதியாகிவிட்டார். கடைசியில் நிமிர்சட்டங்களுக்குப் பழைய வீட்டில் எஞ்சிய முதிரை நிலையையும், பலகைகளுக்கு வேம்பையும் எடுத்துக்கொள்கிறோம். வேம்பின் கசப்புக்குக் கறையானும் பூச்சியும் எளிதில் கிட்டே வருவதில்லை என்பதை நம் ஆச்சிமார் உடுப்புப் பெட்டி செய்வித்த காலத்திலேயே அறிந்திருந்தார்கள். நிலை மரத்துக்குள் போர்க்காலத்துத் துப்பாக்கிச் சன்னம் ஏதும் புதைந்திருக்கிறதா என்று நன்றாகத் தட்டித் தடவிப் பார்த்த பிறகே ஓடாவியார் வாள் வைப்பார். இந்தப் பக்கத்துப் பழைய மரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது பழக்கம்.

வேம்பு கசந்தாலும் கறையானை நம்பியிருக்க முடியாது. அது தரையிலிருந்து மண்பாதை கட்டிச் சுவர்வழியே ஏறும். ஆகையால் அடித்தட்டு நிலத்தில் படாமல் ஆறு அங்குலக் கால்களில் நிற்கும். கூட்டவும் வசதி, குனிந்தால் மண்பாதையும் கண்ணில் படும். பின்புறம் முழுப்பலகை அடிக்காமல் சுவருக்கும் இறாக்கைக்கும் இடையே ஒரு விரற்கடை விடச் சொல்லியிருக்கிறேன். மாரியில் காற்றோட்டம் இல்லாத புத்தகங்களில் பூஞ்சணம் படர்வதை நீ மறந்திருக்கமாட்டாய். கோடையில் ஒழுங்கையிலிருந்து புழுதி வருவதால் கீழ் இரண்டு தட்டுகளுக்குக் கதவு வைத்து, படிவங்களையும் காணி உறுதிப் பத்திரங்களையும் உள்ளே வைப்போம். அவற்றின் ஆழம் 14 அங்குலம், மேல்தட்டுகளுக்குப் 11 போதும். அதற்குமேல் ஆழமாக்கினால் முன்னே ஒரு வரிசை, பின்னே ஒரு வரிசை என்று அடுக்கி, பின்வரிசையை எவரும் தொடாமல் விட்டுவிடுவோம். தட்டுகளின் இடைவெளியும் ஒரே அளவில் இராது: நாவல்களுக்கு 10 அங்குலம், அகராதிகளுக்கும் நிமிர்ந்து நிற்கும் படங்களுக்கும் 13.

அழகு என்று நீ எழுதியதற்கு வருகிறேன். இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணாடி போட்ட ஷோகேஸ் ஒன்று நிற்கும். அதற்குள் ஒருபோதும் தேநீர் ஊற்றப்படாத கோப்பைகளும் பிளாஸ்டிக் பூக்களும் இருக்கும். எனக்கு அது வேண்டாம். புத்தகங்களை நிறவாரியாக அடுக்கும் யோசனையும் வேண்டாம், அப்பா தேடும்போது என்னைத்தான் கூப்பிடுவார். கண்மட்டத்திலுள்ள தட்டு ஒன்றில் மட்டும் புத்தகம் வைக்காமல், அப்பம்மாவின் பித்தளைச் செம்பு, ஒரு பனையோலைப் பெட்டி, நம்மிடம் தப்பியிருக்கும் இரண்டு குடும்பப் படங்கள் ஆகியவற்றை, ஒன்றோடொன்று முட்டாமல் உயரம் மாறிமாறி வைப்பதாக எண்ணியிருக்கிறேன். மீதி இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அதை நிரப்புவதற்காக எதையும் வாங்கி அனுப்பாதே. பின்னேர வெயில் மேற்கு யன்னலால் நேரே விழும் கண்ணில் படங்களை வைக்கப்போவதில்லை, நிறம் வெளுத்துவிடும். சாமிப்படங்களுக்கு அவற்றின் மாடம் இருக்கிறது, அவற்றை இங்கே கலக்கவேண்டாம்.

தைப்பொங்கல் கழிந்து மழை நின்ற பிறகே பலகைகளை இழைப்பதாக ஓடாவியார் சொல்லியிருக்கிறார். ஈரத்தோடு பொருத்தினால் கோடையில் சுருங்கி மூட்டுகள் விலகும். நீ வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும்போது இறாக்கை முழுதாக எழுந்து நிற்கும். பூசுவதற்கு மினுங்கும் வார்னிஷ் வேண்டாம் என்று நானும், வேண்டும் என்று அப்பாவும் நிற்கிறோம். உன் அபிப்பிராயத்தைச் சொல். உன் பட்டமளிப்புப் படத்தின் சட்டம் எத்தனை அங்குல உயரம் என்பதையும் அளந்து எழுது, 13 அங்குலத்துக்கு மேலானால் அந்தத் தட்டை இப்போதே மாற்றச் சொல்லவேண்டும்.

அன்புடன்,
அம்மா