பெங்களூரு மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோயுள்ள தம்பியை அல்சூரில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்கா எழுதுகிறேன். டிடிசிஎஸ் என்று நீங்கள் சொல்கிற லேசான மின்சார சிகிச்சை பற்றி ஒரு கோரிக்கை.

மாத்திரையால் தம்பிக்கு நிறையவே பலன் கிடைத்தது. காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயமும் போய்விட்டது. ஆனால் மூன்று சாமான் வாங்கிவரச் சொன்னால் கடை வாசலில் நின்று போன் போடுவான்: "தயிர் வாங்கிட்டேன்க்கா, அப்புறம் என்ன?" பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான், அணைக்க வேண்டும் என்று உடனே தோன்றாது. சொந்தக்காரர்கள் சோம்பேறி என்கிறார்கள். கேட்கவே வயிறு எரிகிறது. கவனம், நினைவு, யோசிக்கும் வேகம் எல்லாம் குறைவது இந்த நோயின் ஒரு பகுதி. மாத்திரை இதற்குப் பெரிதாக உதவுவதில்லை என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவன் வேலைக்குப் போக முடியாததற்கும் இதுதான் காரணம்.

அதனால்தான் இந்தச் சிகிச்சை மேல் எங்களுக்கு இவ்வளவு ஆசை. கரண்ட் என்றதும் ஷாக் வைக்கப்போகிறார்கள் என்று அம்மா அழுதார். மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவைப்பதும் கிடையாது என்று நான்தான் புரியவைத்தேன். ஒரு தனியார் கிளினிக்கில் உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் பட்டை போட்டுக் கட்டி, 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிஷம் செலுத்தினார்கள். நெற்றி அரித்தது, கொஞ்சம் சிவந்தது, சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

எனக்குப் பொறுக்காதது அந்தக் கிளினிக் நடந்துகொண்ட விதம். ஞாபகசக்தி கூடும் என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஞாபகத்தைச் சோதிக்கவே இல்லை. கடைசி நாள் "எப்படி இருக்கு?" என்றார்கள், அவன் "நல்லா இருக்கு சார்" என்றான். முன்னேற்றம் என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள்.

"நல்லா இருக்கு" என்பதை நம்ப முடியாது என்றுதானே ஆராய்ச்சிகளில் போலி சிகிச்சையும் வைக்கிறீர்கள்? தொடக்கத்தில் அரை நிமிஷம் போல மின்சாரம் கொடுத்து நிறுத்திவிட்டாலும் அதே அரிப்பு இருக்கும், வித்தியாசம் தெரியாது. அப்படி ஒப்பிட்ட ஆய்வுகளில் சிலவற்றில் நினைவாற்றல் கொஞ்சம் கூடியிருக்கிறது, சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை. நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குரல்களை அடக்க இந்தச் சிகிச்சை உதவுமா என்று பல வருஷமாக ஆராய்கிறார்கள். குரலுக்குக் கிடைக்கும் பலனைக் காட்டி நினைவாற்றலுக்கு வாக்குறுதி கொடுப்பது நியாயமே இல்லை.

சரி, நான் கேட்பது இதுதான். தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் நினைவையும் கவனத்தையும் சோதியுங்கள், அதையும் தமிழில் செய்யுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தவனிடம் ஆங்கில வார்த்தைப் பட்டியலைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னால், மதிப்பெண் குறைந்தது நோயாலா மொழியாலா என்று யாருக்குத் தெரியும்? சிகிச்சை விவரத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவே சொல்கிறது. கடையில் சாமான் வாங்குவது, சில்லறை எண்ணுவது போன்றவற்றையும் பாருங்கள், எங்களுக்கு வேண்டியது அதுதான். மின்சாரத்தோடு நினைவுப் பயிற்சியும் கொடுங்கள்.

முடிவு எதுவானாலும், மாற்றமே இல்லை என்றாலும், தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று அதைப் பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஓர் அக்கா