மதிக்கு, கிரெடிட் கணக்கைப் பற்றி

அன்பு மகள் மதிக்கு,

மருத்துவ இயற்பியலாளர் சான்றிதழைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்விப் புள்ளிகள், அதாவது கிரெடிட், இன்னும் குறைகிறது, ராத்திரியில் ஏதாவது ஆன்லைன் வகுப்பை ஓட விட்டு முடித்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். பகல் முழுக்கக் கதிர்வீச்சுச் சிகிச்சைத் திட்டங்களைச் சரிபார்த்துவிட்டு, நோயாளிகள் எல்லோரும் போன பிறகு கதிர்வீச்சு தரும் இயந்திரமான லினாக்கில் தரச் சோதனை (க்யூஏ) முடித்து வருகிறவளிடம் அப்போது எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நானும் இதே வேலையில் இருந்தவள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வகுப்பை ஓட விட்டு முடிக்காதே, கண்ணு.

பிரான்சில் தூலூஸ் நகரத்தில் நடந்ததைப் படித்திருப்பாய். 2006 ஏப்ரல் தொடங்கி ஓராண்டில், சின்ன இடத்தைத் துல்லியமாகக் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வந்த 145 பேருக்குக் கதிர்வீச்சின் அளவு (டோஸ்) கூடுதலாகப் போய்விட்டது. இயந்திரத்தில் பழுது இல்லை. சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த அளவீட்டில், மிகச் சிறிய ஃபீல்டுகளுக்கு (கற்றை விழும் பரப்புகளுக்கு) பொருந்தாத பெரிய சேம்பரை, அதாவது கதிர்வீச்சை அளக்கும் கருவியை, வைத்து அளந்திருந்தார்கள். கதிர்வீச்சுக் கற்றை சேம்பரை முழுதாக நிரப்பாதபோது கருவி சராசரியைத்தான் காட்டும், உண்மையைவிடக் குறைவாக. அந்தக் குறைந்த எண்ணை நம்பிய திட்டக் கணினி, ஈடுகட்ட அதிகக் கதிர்வீச்சைக் கொடுக்கச் சொன்னது.

அதே சேம்பர் பெரிய ஃபீல்டில் அருமையாக வேலை செய்யும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராமல் போகிறது. தினசரி க்யூஏவும் இங்கே காப்பாற்றாது. அது இன்றைய எண்ணை முதல் நாள் எண்ணோடு ஒப்பிடுகிறது. முதல் நாள் எண்ணே தப்பென்றால் எல்லா நாளும் சரியென்றுதான் வரும். மற்ற மையங்களின் எண்களோடு வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சிறு ஃபீல்டுகளுக்கென்றே சர்வதேச அணுசக்தி முகமையின் (ஐ.ஏ.இ.ஏ.) வழிகாட்டி, டி.ஆர்.எஸ். 483, வந்தது 2017ல். ஆனால் அந்தச் சிக்கலை அதற்குப் பல வருடம் முன்பே கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்தோம்.

தொடர்கல்வி என்று நான் நினைப்பது இதைத்தான். உன் எண்ணை வெளியே கொண்டுபோய் அடுத்தவர் எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பது. ஐ.ஏ.இ.ஏ.வும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் தபாலில் அளவுமானிகளை அனுப்பி டோஸ் தணிக்கை நடத்துவது வேறெதற்கு? உன் துறையில் வெளித்தணிக்கைக்குக் கூப்பிட்டால் முதல் ஆளாகக் கை தூக்கு. கிரெடிட் கிடைக்காவிட்டாலும் தூக்கு.

படித்ததை மாற்றிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. கதிர்வீச்சோடு வேலை செய்பவர்களின் கண் லென்ஸுக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை என்றுதான் நாங்கள் படித்தோம், 2011ல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் (ஐ.சி.ஆர்.பி.) அதை ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20க்குக் கொண்டுவந்தது. எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் இனப்பெருக்க உறுப்புகளை ஈயத்தால் மறைப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று 2019ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் சொன்னது. படிப்பு முடிந்ததோடு நின்றுவிட்டவர்கள் இன்னும் பழையதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கதிரியக்கத் துறையினருக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் ரேடியாலஜி போர்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை வைத்த தேர்வை விட்டுவிட்டு, நம் துறைக்கு 2020 முதல் வாரம் இரண்டு கேள்வி என்று மாற்றியது எனக்குப் பிடித்திருக்கிறது. பத்தாண்டுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யலாம். வாராவாரம் வரும் கேள்வியில் எங்கே தடுமாறுகிறோம் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். உனக்கு அப்படியொரு ஏற்பாடு இருக்கிறதோ இல்லையோ, தடுமாறிய இடங்களை ஒரு நோட்டில் குறித்து வை. அடுத்த வருட வகுப்புகளை அந்த நோட்டைப் பார்த்துத் தேர்ந்தெடு. தெரிந்த விஷயத்தில் எளிதாகக் கிடைக்கும் கிரெடிட்டுக்குப் போகாதே.

அப்புறம், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் தேதியோடு போட்டு வை. கெடு நெருங்கும்போது தேடினால் கிடைக்காது.

சிறு ஃபீல்டு அளவீட்டுக்கு நேரடிப் பயிற்சி ஒன்று வருகிறது என்றாயே, கையில் டிடெக்டரைக் கொடுத்து அளக்கச் சொல்வார்கள் என்று. அதில் இடம் இருந்தால் இந்த வாரமே பதிவு செய். துறையில் கட்டணம் தர மறுத்தால் நான் அனுப்புகிறேன். அந்த நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானே வந்துவிடுகிறேன், தேதியை மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா