கீழே ஏன் நாலு வருகிறது?

முள்ளியவளை
ஆனி மாதம்

அன்பின் மச்சான்,

மகனின் வகையிடல் கணக்கைப் பற்றிப் போனில் நீ கேட்ட கேள்விக்கு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். கணக்கைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்ள ஏலாது. அதுவும் உன் பக்கத்தில் காலி வீதி ஹோர்ன் சத்தம், என் பக்கத்தில் கோழிச் சத்தம்.

முதலில் ஊர்ப் புதினம். வட்டாப்பளைப் பொங்கல் நல்லபடி முடிந்தது. வெளிநாட்டுச் சனமும் வந்திருந்தது, நம்மோடு படித்தவர்களில் இரண்டு மூன்று பேரை வயிறும் வழுக்கையுமாகக் கண்டேன். முத்தையன்கட்டில் தண்ணீர் இருக்கிறபடியால் சிறுபோகம் விதைத்திருக்கிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் யானைத் தொல்லை குறையவில்லை. இரவில் வெடி கொளுத்திக் கொண்டு காவல் இருக்கிற பெடியன்தான் பின்னேரம் என் வகுப்பில் வாங்கில் தலைவைத்துத் தூங்குகிறான். எழுப்ப மனம் வருவதில்லை. பாலைப்பழம் வந்திருக்கிறது, உனக்கு அனுப்ப வழியில்லை, கொழும்பு போய்ச் சேர முன் பிசினாகிவிடும்.

சரி, விசயத்துக்கு வருவோம். நீ கேட்டது இதுதானே: "வகையிட்டால் சுட்டி ஒன்று குறையும் என்றுதானே நாங்கள் படித்தோம்? 1/ய³ ஐ வகையிட மகன் கீழே 4 போடுகிறான். 3 எப்படிக் கூடிச்சுது?" (மறந்திருந்தால்: வகையிடுவது என்பது ய கொஞ்சம் மாறும்போது ய³ மாதிரி ஒரு கோவை என்ன வேகத்தில் மாறுகிறது என்று காண்பது; ய³ இல் உள்ள 3 தான் சுட்டி. எக்ஸுக்குப் பதிலாக ய என்றே எழுதுகிறேன். கணினியில் மொழியை மாற்றி மாற்றித் தட்டச் சோம்பல்.)

மகன் போட்டது சரி. −3/ய⁴ தான் விடை. ஆனால் ஏன் என்று நீ கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை என்றாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது ரியூசன் நோட்ஸ் எல்லாவற்றிலும் இதைத் தனிப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்கள்: "கீழே வலு இருந்தால் முன்னுக்கு மறைக்குறி, கீழே ஒன்றைக் கூட்டு." பிள்ளை அதைப் பாடமாக்கிக் கொண்டு பரீட்சைக்குப் போகிறது. இரண்டு கிழமை கழித்துக் கேட்டால் கூட்டுவதா கழிப்பதா என்று முழிக்கிறது.

சுட்டி உண்மையில் குறையத்தான் செய்கிறது. 1/ய³ என்பது ய⁻³. மறை மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மறை நான்கு. அது பின்னத்தின் கீழே போய் உட்காரும்போது 4 என்று தெரிகிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் பாதிப் பேருக்குப் போதும். ஆனால் மிச்சப் பாதிக்கு நியாயமான ஒரு சந்தேகம் இருக்கும். ய², ய³ க்கெல்லாம் நிறுவிய விதியை எந்த உரிமையில் மறைச் சுட்டிக்குப் போடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கலாம். கேட்கவேண்டும். அந்தக் கேள்வி வராத வகுப்பில் நான்தான் கேட்பேன்.

பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். வர்க்கத்தை எடு, அதுதான் எழுதச் சின்னது. ய கொஞ்சம் கூடி ய+ச ஆகிறது. மாற்றம்:

1/(ய+ச)² − 1/ய²

பொதுப்பகுதி எடுத்தால் மேலே ய² − (ய+ச)², கீழே ய²(ய+ச)². மேலே உள்ளதை விரித்தால் ய² வெட்டுப்பட்டு −(2யச + ச²) மிஞ்சும். அந்த மறைக்குறி எங்கிருந்து வந்தது என்று பார்த்தாயா? ய² முன்னுக்கும் (ய+ச)² பின்னுக்கும் நிற்கிறது. பகுதி பெருக்கப் பெருக்கப் பின்னம் சிறுக்கும் என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது. இனி ச ஆல் வகுத்து, ச ஐப் பூச்சியத்துக்கு அணுகவிடு. மேலே −2ய, கீழே ய⁴. சுருக்கினால் −2/ய³.

முக்கியமான இடம் அந்தக் கடைசி வரிதான். கீழே வர்க்கம் இரட்டித்து ய⁴ ஆகிவிட்டது. மேலே வழமையான விதிப்படி ஒன்று குறைந்து ய மட்டும். நாலில் ஒன்று போக மூன்று. வலு 5 என்றால் மேலே −5ய⁴, கீழே ய¹⁰, சுருக்கினால் −5/ய⁶. எந்த நேர் நிறைவெண்ணுக்கும் இதே கதைதான். நேர்ச் சுட்டி விதியிலிருந்தே மறைச் சுட்டி விதி பிறக்கிறது, புதிதாக ஒன்றும் நம்பத் தேவையில்லை.

இன்னும் குறுக்குவழி வேண்டுமென்றால், ய² ஐயும் 1/ய² ஐயும் பெருக்கினால் 1. ஒன்று மாறாது, அதன் பெறுதி (வகையிட்டு வரும் விடை) பூச்சியம். இரண்டு சார்புகளின் பெருக்கத்தை வகையிடும் விதியைப் போட்டால் 2ய × 1/ய² உடன் ய² × (தேடுகிற பெறுதி) சேர்ந்து பூச்சியம். இரண்டே வரி. ஆனால் இதில் 1/ய² க்குப் பெறுதி உண்டு என்று முதலே எடுத்துக்கொள்கிறோம். முதற்கோட்பாட்டில், அதாவது மேலே ச போட்டுச் செய்த மாதிரி, ஒருமுறை செய்த பிறகு காட்டினால் அழகாக இருக்கும், முதலே காட்டினால் வித்தை காட்டுவது மாதிரி ஆகிவிடும்.

இங்கே என் பிள்ளைகள் விடுகிற பிழை வேறு. ஒருத்தியின் கொப்பியை நேற்றுத் திருத்தினேன். ய⁻² வரைக்கும் வடிவாக எழுதியிருக்கிறாள். அடுத்த வரியில் −2ய⁻¹, அதாவது −2/ய. "இரண்டில் ஒன்று போனால் ஒன்றுதானே சேர்" என்றாள். இன்னொருவன் கீழே உள்ள ய² ஐ மட்டும் வகையிட்டு 1/(2ய) என்று எழுதி வைத்திருக்கிறான். பின்னத்தின் கோடு அவனுக்கு வேலி மாதிரி. கீழே நடப்பது கீழேயே முடிந்துவிடும் என்று நினைப்பு.

பிழை என்று சிவப்பு மையால் கீறிவிட்டுப் போனால் ஒன்றும் நடக்காது. அவளிடம் சொன்னேன்: ய = 100 இல் பார். சார்பின் பெறுமானம் பத்தாயிரத்தில் ஒன்று, 0.0001. உன் விடைப்படி படித்திறன் −2/100, அதாவது −0.02. இந்த வேகத்தில் இறங்கினால் 101 போக முன்பே சார்பு பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். 1/ய² எப்போதாவது மறையாகுமா? அவள் பேனையைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கல்குலேற்றரில் 1/10201 ஐத் தானே தட்டினாள். 0.00009803 வந்தது. குறைந்தது 0.00000197. சரியான விடை −2/1000000, அதாவது −0.000002. சொல்லாமலே கொப்பியை எடுத்து வெட்டி எழுதினாள்.

மகனுக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடு. விடை வந்ததும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஆனால் இந்தக் கணக்குக்கு 2 ஐ மட்டும் போடவேண்டாம். ய = 2 இல் சரியான விடை −2/8, அதாவது −0.25. மற்றப் பெடியனின் 1/(2ய) அதே இடத்தில் +0.25. குறி மட்டும்தான் விடுபட்டது என்று நினைத்து முன்னுக்கு ஒரு மறைக்குறி போட்டுவிட்டுச் சந்தோசமாகப் போய்விடுவான். 1 ஐப் போட்டால் ஒன்று −2, மற்றது 0.5, கள்ளம் உடனே பிடிபடும்.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு, நீ கடிதம் எழுதுகிற ஆள் என்றபடியால் பிடிக்கும். 1676 இல் நியூட்டன், றோயல் சொசைற்றியின் செயலாளர் ஓல்டன்பர்க் மூலம் ஜேர்மன் கணித அறிஞர் லைப்னிற்சுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் 1/ஏ என்று எழுதுவதற்குப் பதிலாகத் தான் மறைச் சுட்டியைப் போட்டு எழுதுவதாக விளக்கம் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துக்கு அது விளக்கவேண்டிய புதுசு. எட்டு வருசம் கழித்து, 1684 இல், லைப்னிற்ஸ் வகையீட்டைப் பற்றிய தன் முதற் கட்டுரையை அச்சில் விட்டார். அதில் வலுக்களுக்கு ஒரு விதி, வலு கீழே இருந்தால் இன்னொரு விதி என்று தனித்தனியே எழுதி, உதாரணத்துக்கு எடுத்தது எது தெரியுமா? உன் மகனின் 1/ய³ தான். விடை −3/ய⁴. பிறகு, முழு வலுவின் விதி ஒன்றே பின்னத்துக்கும் மூலத்துக்கும் போதும், சுட்டி மறையானால் வலு பின்னமாகிவிடுகிறது என்று தானே சொல்லிவிடுகிறார். இரண்டையும் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. நோட்ஸ் அடிக்கிறவர்கள் முதற் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் எதற்கு உதவும் என்று மகன் கேட்டால் முல்லைத்தீவுக் கடலைக் காட்டு. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனாலும் பறுவத்துக்கும் அமாவாசைக்கும் கூடும் என்று தொழிலுக்குப் போகிற எவரும் சொல்வார். சூரியன் சந்திரனைவிட ஏறக்குறைய 2 கோடி 70 இலட்சம் மடங்கு நிறை கூடியது, தூரத்தில் ஏறக்குறைய 390 மடங்கு. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதம். 390 இன் வர்க்கத்தால் வகுத்துப் பார், சூரியன் பூமியை இழுக்கும் இழுவை சந்திரனுடையதைப்போல் கிட்டத்தட்ட 180 மடங்கு வரும். அப்படியென்றால் கடலைச் சூரியன்தானே ஆட்டவேண்டும்? ஆட்டுவது சந்திரன்.

காரணம் அந்த மூன்றாம் வலு. கடல் பொங்குவது இழுவையால் அல்ல, பூமியின் இந்தப் பக்கத்து இழுவைக்கும் அந்தப் பக்கத்து இழுவைக்கும் உள்ள வித்தியாசத்தால். தூரத்தோடு இழுவை எவ்வளவு மாறுகிறது என்பதுதானே பெறுதி? 1/ய² ஐ வகையிட்டால் 1/ய³ வருகிறது. இப்போது 390 இன் கனத்தால் வகுத்துப் பார். அது ஏறக்குறைய 5 கோடி 93 இலட்சம். சூரியனின் பங்கு சந்திரனுடையதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். கீழே ஒன்று கூடியது வெறும் பரீட்சைச் சில்லறை என்றால் கடல் இப்படி நடந்திருக்காது. பறுவத்திலும் அமாவாசையிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து இழுக்கின்றன, அதனால்தான் பெருக்கு அதிகம். இதை வகுப்பில் சொன்ன அன்று யானைக்காவல் பெடியன்கூடத் தூங்கவில்லை. அவனுடைய மாமா கடற்றொழில்.

இன்னொன்றும் சொல்ல மறந்தேன். எல்லா வலுக்களையும் இப்படி வகையிட்டுக்கொண்டு போனால், விடையாக ஒருபோதும் வராத வலு ஒன்று இருக்கிறது, 1/ய தான் அது. ய² வகையிட 2ய, ய வகையிட 1, ஒன்றை வகையிடப் பூச்சியம். அங்கே வண்டி நின்றுவிடும். மறுபக்கம் 1/ய இலிருந்து தொடங்கினால் அடுத்தது 1/ய². எந்த வலுவை வகையிட்டாலும் 1/ய கிடைக்காது. அந்த ஓட்டையை நிரப்ப மடக்கை வருகிறது. தொகையிடலுக்கு, அதாவது வகையிடலைத் திருப்பிச் செய்வதற்கு, மகன் போகும்போது சொல்லிக்கொள்ளலாம், இப்போது குழப்பவேண்டாம்.

அவனுக்கு ஒரு கணக்கு: 1/√ய ஐ முதற்கோட்பாட்டிலிருந்து வகையிடச் சொல். சூத்திரத்தில் போட்டால் ஒரு நிமிசம். முதற்கோட்பாட்டில் செய்ய மூலங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் பெருக்கிச் சமாளிக்கவேண்டி வரும், அங்கேதான் ஆள் எப்படியென்று தெரியும். விடையை உனக்குச் சொல்லமாட்டேன், நீ அவனிடம் சொல்லிவிடுவாய். செய்த தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடு, விடை பிழைத்தாலும் வழியைப் பார்க்கவேண்டும்.

ஓகஸ்ட் லீவுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா. யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி மாங்குளத்தில் இறங்கினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுப் பஸ் கிடைக்கும். இரவு பஸ்ஸில் வராதே, விடியப்புறம் சந்தியில் நிற்கவேண்டி வரும். வீட்டில் அறை இருக்கிறது, அம்மாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா.

உன்
பழைய வாங்குத் தோழன்