டொயோட்டா ரேசிங்குக்கு ஒரு திறந்த மடல்: யாரையும் வழிவிடச் சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய டொயோட்டா ரேசிங் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார் பந்தயத் தொடரில், சுற்றுக்குச் சுற்று ஓட்டுநர்களை வெளியேற்றிச் சாம்பியனைத் தீர்மானித்த 2025 பிளேஆஃபின் பத்துப் பந்தயங்களில் ஐந்தை உங்கள் கேம்ரி கார்கள் வென்றன. டார்லிங்டனில் சேஸ் பிரிஸ்கோ, கேட்வேயில் டென்னி ஹாம்லின், பிரிஸ்டலில் கிறிஸ்டோபர் பெல் என முதல் சுற்று முழுவதும் உங்கள் பக்கம்தான். அப்புறம் லாஸ் வேகஸில் ஹாம்லினுக்கு 60-ஆவது வெற்றி, டல்லடேகாவில் மறுபடியும் பிரிஸ்கோ. இத்தனைக்கும் பிறகு, கடைசிப் பந்தயம் நடந்த ஃபீனிக்ஸில் பட்டம் ஷெவர்லே ஓட்டிய கைல் லார்சனுக்குப் போனது. 208 லேப் முன்னணியில் ஓடியவர் ஹாம்லின். மூன்று லேப் பாக்கி இருக்கும்போது வில்லியம் பைரனின் டயர் போய், எல்லாக் கார்களையும் மெதுவாக்கும் மஞ்சள் கொடி விழுந்தது. ஹாம்லினுக்கு நான்கு டயர் மாற்றினார்கள், லார்சனுக்கு இரண்டுதான்; அதனால் அவர் முன்னால் வந்துவிட்டார். அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. 2015, 2017, 2019 என்று மூன்று ஓட்டுநர் பட்டங்கள் எடுத்த உங்களுக்கு அதன் பிறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நள்ளிரவு தாண்டிக் கண்விழித்து அந்தப் பந்தயத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மனசு ஆறவே இல்லை. உங்கள் அலுவலகங்களில் அந்த வலி இன்னும் பல மடங்கு இருக்கும். ஆறு வருட ஏமாற்றத்துக்கு மருந்து தேடும் இந்த நேரத்தில், தப்பான மருந்தை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பட்டப் போட்டியில் இருக்கும் டொயோட்டா ஓட்டுநருக்காக, போட்டியில் இல்லாத டொயோட்டா ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவோ வழிவிடவோ தேவையில்லை என்பதை உங்கள் வாயாலேயே, ஊரறியச் சொல்லுங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

'நாங்கள் எப்போது அப்படிக் கேட்டோம்?' என்று நீங்கள் சொல்லலாம். ரேடியோவில் யாரும் நேரடியாகக் கேட்பதில்லைதான். ஆனால் 2024 நவம்பர் 3 அன்று மார்ட்டின்ஸ்வில்லில் நடந்ததை உலகமே பார்த்தது. அரை மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான அந்தச் சின்ன ஓவலில், பட்டத்தைத் தீர்மானிக்கும் இறுதிப் பந்தயத்துக்கான கடைசி இடத்துக்கு பெல்லும் பைரனும் மோதினார்கள். ஷெவர்லே பக்கத்தில் ஆஸ்டின் டில்லனும் ராஸ் சாஸ்டெய்னும் பைரனுக்குப் பின்னால் பக்கம் பக்கமாக ஓடி, தாங்களும் முந்தாமல், பின்னால் வந்தவர்களுக்கும் இடம் விடாமல் ஒரு சுவர் மாதிரி நின்றார்கள். மற்ற காருக்கு 'ஏற்பாடு' தெரியுமா என்ற பேச்சே ரேடியோவில் ஓடியது. டொயோட்டா பக்கத்தில் பெல்லுக்கு இன்னும் ஒரே ஒரு இடம் தேவைப்பட்டது. அவருக்கு நேர் முன்னால் இருந்தது இன்னொரு டொயோட்டாவான பப்பா வாலஸின் 23-ஆம் எண் கார். டயரில் காற்று இறங்குவதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டே வாலஸ் வேகத்தைக் குறைத்தார். பெல் தாண்டினார். தாண்டிய வேகத்தில் கடைசி வளைவில் சுவரில் உரசி, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார். 2022-இல் சாஸ்டெய்ன் செய்து காட்டி, பிறகு தடை செய்யப்பட்ட அதே சுவர் ஓட்டம் என்று நாஸ்கார் முடிவு செய்தது. வெகுநேரம் ரசிகர்களைக் காக்க வைத்த பிறகு அந்த இடம் பைரனுக்குப் போனது.

அடுத்து வந்தது தண்டனை. டில்லன், சாஸ்டெய்ன், வாலஸ் மூவருக்கும் ஐம்பது புள்ளிகள் வெட்டு, ஒரு லட்சம் டாலர் அபராதம். அவர்களின் அணிகளுக்கும் அதே. மூன்று அணிகளின் குரூ சீஃப் (காரின் குழுத் தலைவர்), ஸ்பாட்டர் (மேலிருந்து பார்த்து ரேடியோவில் வழி சொல்பவர்), ஒரு நிர்வாகி என ஒன்பது பேர் ஃபீனிக்ஸ் பந்தயத்துக்குள் நுழைய முடியவில்லை. அந்தத் தண்டனைப் பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஸ்டியரிங் பிடித்தவர் இருக்கிறார், ரேடியோவில் பேசியவர் இருக்கிறார், குரூ சீஃப் இருக்கிறார். கார் கம்பெனி இல்லை. எந்தக் கம்பெனிக்காக இதெல்லாம் நடந்ததோ அந்தக் கம்பெனியின் பெயரே அதில் கிடையாது. இந்த ஓட்டை 2025 பருவத்து விதிப்புத்தகத்தில்தான் அடைக்கப்பட்டது. இனி கம்பெனியின் புள்ளிகளிலும் காற்றுச் சுரங்கச் சோதனை நேரத்திலும் கைவைக்கலாம் என்றாகியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் தண்டனைக்குப் பயந்து ஒழுங்காக இருப்பதும், இதுதான் எங்கள் வழி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அப்படி நடப்பதும் வேறு வேறு.

உங்கள் குடும்பத்துக்குள்ளேயே இதைவிடப் பெரிய வடு ஒன்று உண்டு. 2013 செப்டம்பரில் ரிச்மண்ட். மைக்கேல் வால்ட்ரிப் ரேசிங் அப்போது டொயோட்டா அணி. பந்தயம் முடிய ஏழு லேப் இருக்கும்போது அந்த அணியின் கிளிண்ட் போயரின் கார் சுழன்று மஞ்சள் கொடி வந்தது. ஜெயிக்கப்போன ரயன் நியூமேனின் கையிலிருந்து பந்தயம் நழுவியது. அது வேண்டுமென்றே நடந்தது என்று நாஸ்காரால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனால் அதன் பிறகு அதே அணியின் பிரையன் விக்கர்ஸை பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடத்துக்குள்) வரச் சொன்ன உத்தரவு ரேடியோவில் பதிவாகியிருந்தது. ஏன் வரவேண்டும் என்று அவருக்கே புரியவில்லை; திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று லட்சம் டாலர் அபராதம், ஐம்பது ஐம்பது புள்ளிகள் வெட்டு. யாருக்காக இதைச் செய்தார்களோ, அந்த அணியின் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியரே பிளேஆஃபிலிருந்து வெளியே போனார். விளம்பரதாரரான நாப்பா விலகியது. 2015 பருவத்தோடு அணியே மூடப்பட்டது. எத்தனை மெக்கானிக்குகள், எத்தனை டயர் தூக்கும் பையன்கள் வேலை இழந்தார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ரிச்மண்டில் எடுத்த முடிவில் அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தப் பங்கும் இல்லை.

அதே ட்ரூயெக்ஸ், கொலராடோவிலிருந்து இயங்கிய ஃபர்னிச்சர் ரோ ரேசிங் என்ற ஒற்றைக் கார் அணியாகத் தொடங்கிய இடத்தில் சேர்ந்து, 2017-இல் உங்கள் கேம்ரியிலேயே சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தைப் பற்றி இன்றுவரை யாரும் முணுமுணுத்ததில்லை. உங்கள் மூன்று பட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே கம்பெனி கார்கள் ஒன்றுக்கொன்று உதவவே கூடாது என்று நான் கேட்கவில்லை. டேடோனாவிலும் டல்லடேகாவிலும் தனியாக ஓடி யாரும் ஜெயிக்க முடியாது. முன்னால் போகிற கார் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிற கார் தள்ள, கூட்டமாகவே போகவேண்டிய தடங்கள் அவை. எல்லா டொயோட்டாக்களும் ஒரே லேப்பில் பிட்டுக்கு வருவதும், வரிசையாகச் சேர்ந்து கிளம்புவதும் ஆட்டத்தின் பகுதி. 2025 அக்டோபரில் டல்லடேகாவில் பிரிஸ்கோவைப் பின்னாலிருந்து தள்ளியவர் டை கிப்ஸ். அவர் பிளேஆஃபில் இல்லை. ஆனால் தள்ளும்போது அவரும் முன்னேறினார். தனக்கும் வாய்ப்பு வைத்துக்கொண்டுதான் தள்ளினார். ஓட்டுநர் தன் காரை முன்னால் கொண்டுபோகும் வழியில் சகாவுக்கும் கை கொடுத்தால் அது ஆட்டம். தன் காரைப் பின்னால் இழுத்துக்கொண்டு சகாவை முன்னால் விட்டால், அந்த நிமிடமே அவர் பந்தயத்தில் இல்லை.

நியூ ஹாம்ப்ஷயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கிப்ஸ், அதே பருவம், செப்டம்பர் மாதம். பட்டத்துக்குப் போராடிய ஹாம்லினுக்கு அவர் இடம் விடவில்லை. கடைசியில் ஹாம்லினின் கார் பட்டு கிப்ஸ் சுழன்று சுவரில் மோதினார். இருவரும் ஜோ கிப்ஸ் ரேசிங் அணிதான். பட்டப் போட்டியில் இல்லாத பையன் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்க வேண்டும் என்று அன்று நிறையப் பேர் கேட்டார்கள். நான் கிப்ஸ் பக்கம். அன்று அவர் ஓட்டியது தன் 54-ஆம் எண் கார், தன் பந்தயம். அவருக்குப் பணம் கொடுத்த விளம்பரதாரருக்கும், அவர் பெயர் போட்ட தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்த ரசிகருக்கும் அன்றைக்கு அவர் பதினோராவது இடத்தில் வருவதா பன்னிரண்டாவதா என்பது முக்கியம். மோதிய ஹாம்லினை நான் கெட்டவராக்க விரும்பவில்லை. பல வருட ஏக்கம் அவருக்கு. ஆனாலும் வழிவிடுவது கிப்ஸின் கடமை என்ற எண்ணத்தை ஊட்டி வளர்த்தது யார்? அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் கான்சஸ். அந்தக் கடைசி லேப்பை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கூடுதல் லேப்பில் முன்னால் வாலஸ். பின்னால் ஹாம்லின். வாலஸ் ஓட்டும் 23லெவன் அணிக்கு மைக்கேல் ஜோர்டனோடு சேர்ந்து ஹாம்லினும் முதலாளி. அதாவது முதலாளியும் அவரிடம் வேலை செய்பவரும் வெற்றிக்காக மோதுகிறார்கள். வாலஸ் ஜெயித்தால் அடுத்த சுற்று உறுதி. ஹாம்லின் ஜெயித்தால் 60-ஆவது வெற்றி. பவர் ஸ்டியரிங் கெட்டுப்போன காரை வெறும் தோள்பலத்தில் திருப்பிக்கொண்டிருந்த ஹாம்லின், மூன்றாவது வளைவில் உள்பக்கமாகப் பாய்ந்தார். கார் மேலே ஏறியது. வாலஸுக்கு ஓட இடமே இல்லாமல் சுவரில் உரசினார். இருவரும் தடுமாறிய அந்த நொடியில் ஷெவர்லேயின் சேஸ் எலியட் கீழ்ப்பக்கமாக வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஹாம்லின் இரண்டாவது, வாலஸ் ஐந்தாவது. அடுத்த வாரம் சார்லட்டில் வாலஸ் பிளேஆஃபிலிருந்தே வெளியேறினார்.

கணக்குப் போட்டால் டொயோட்டாவுக்கு அது பெரிய நஷ்டம். ஹாம்லின் கொஞ்சம் அடக்கி வாசித்திருந்தால் வெற்றியும் கிடைத்திருக்கும், இன்னொரு டொயோட்டா அடுத்த சுற்றுக்கும் போயிருக்கும். அன்று உங்கள் கூட்டங்களில் முகங்கள் வாடியிருக்கும் என்பது தெரியும். எனக்கோ, டொயோட்டா ரசிகன் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்த நாள் அதுதான். மார்ட்டின்ஸ்வில்லில் தன் கார் ஒன்று இன்னொன்றுக்கு வழிவிட்டதாகச் சந்தேகத்துக்கு ஆளான அதே நிறுவனம், ஒரு வருடத்துக்குள் தன் இரண்டு கார்கள் வெற்றிக்காக ஈவிரக்கமில்லாமல் மோதுவதை அனுமதித்தது. தோற்றது, ஆனால் யாரும் விரல் நீட்டிப் பேச முடியாதபடி தோற்றது. ஃபீனிக்ஸிலும் அப்படித்தான். ஹாம்லினின் கனவு கண்ணெதிரே கரைந்தபோதும், அவருக்காக எந்த டொயோட்டாவும் ஓரமாக ஒதுங்கவில்லை.

அப்படியானால் இப்போது எதற்கு இந்த மடல் என்று கேட்பீர்கள். 2026-இல் போட்டி முறை மாறுகிறது. வெளியேற்றச் சுற்றுகள் இல்லை. பதினாறு பேர், பத்துப் பந்தயங்கள், மொத்தப் புள்ளிக் கணக்கு. ரசிகர்கள் வெகுகாலமாகக் கேட்டது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆபத்து போய்விடவில்லை. பழைய முறையில் ஆசை தலைதூக்கும் இடங்கள் தெரிந்தவை: பிரிஸ்டல், சார்லட், மார்ட்டின்ஸ்வில் என்று ஒவ்வொரு சுற்றும் முடியும் நாளில் எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இனி பத்துப் பந்தயத்தில் எந்த லேப்பில் விட்டுக்கொடுத்த ஒரு இடமும் நவம்பரில் கடைசிப் பந்தயம் நடக்கும் ஹோம்ஸ்டெட்டில் பட்டத்தைத் தீர்மானிக்கலாம். கான்சஸில் இருபத்திரண்டாவது இடத்தில் ஓடும் டொயோட்டா, இருபத்திமூன்றாவதாக வரும் டொயோட்டாவுக்கு வழிவிட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள்? கேமரா அங்கே திரும்பாது.

உத்தரவு என்று ஒன்று தேவையும் இல்லை. எஞ்சின் உங்களிடமிருந்து வருகிறது. சிமுலேட்டர் நேரம் உங்களிடமிருந்து வருகிறது. அடுத்த வருட ஒப்பந்தத்திலும் உங்கள் குரலுக்கு எடை உண்டு. சின்ன அணியில் ஓடும் ஓர் இளம் ஓட்டுநர், கண்ணாடியில் பட்டப் போட்டியில் இருக்கும் டொயோட்டாவைப் பார்த்தவுடன் இதையெல்லாம் நினைக்காமல் இருக்க முடியுமா? வாய் திறந்து எதுவும் சொல்லாமல் இருப்பதே அவருக்கு ஓர் உத்தரவாகப் போய்விடும். அதனால்தான் நீங்கள் பேச வேண்டும் என்கிறேன். வழிவிடாத ஓட்டுநருக்கு எஞ்சினிலோ தகவலிலோ ஒப்பந்தத்திலோ ஒரு குறையும் வராது என்று எழுத்தில் கொடுங்கள். பந்தயத்துக்கு முன் எல்லா டொயோட்டா அணிகளையும் கூட்டிப் பேசும் கூட்டங்களில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதையும் அதில் சேருங்கள். யாராவது மீறினால், ஸ்பாட்டரையும் குரூ சீஃபையும் முன்னால் தள்ளிவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள்.

ஷெவர்லேயும் ஃபோர்டும் இதைச் செய்யவில்லையே, நாங்கள் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். மார்ட்டின்ஸ்வில்லில் ஷெவர்லே அணிகள் செய்தது உங்கள் பக்கம் நடந்ததைவிட அப்பட்டமானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர்களுக்கு ரிச்மண்ட் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அவர்களுக்கு கான்சஸ் இல்லை, அதுவும் உங்களுக்குத்தான் இருக்கிறது. யாராவது முதலில் பேச வேண்டுமென்றால், பேசத் தகுதியும் தேவையும் இரண்டும் இருப்பது உங்களிடம்தான்.

2026 செப்டம்பரில் டார்லிங்டனில் அந்தப் பத்துப் பந்தயங்களில் முதலாவதுக்குப் பச்சைக் கொடி விழுவதற்கு முன்பே அந்த அறிக்கை வெளிவர வேண்டும். ஒரு பக்கம் போதும். அதில் ஜோ கிப்ஸ் ரேசிங், 23லெவன், லெகசி மோட்டார் கிளப் என்று உங்கள் கார்களை ஓட்டும் எல்லா அணிகளின் கையெழுத்தும் இருக்கட்டும்.

மரியாதையுடன்,
ஒரு டொயோட்டா ரசிகன்