மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் மாமிக்கும் எங்கள் லயத்து ஆட்களுக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நேரில் சொல்ல வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். மகள் பிறந்த பிறகு எனக்கு வந்தது மனச்சோர்வு. அதை அந்தப் பேரிலேயே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் யாரும் என்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தவில்லை.

முதலில் எங்கள் மிட்வைஃப் மிஸ். மழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேட்டு லயம் வரைக்கும் ஏறி வந்தவர், பிள்ளையைப் பார்த்தாச்சு, கொப்பியில் எழுதியாச்சு என்று கிளம்பியிருக்கலாம். அவர் உட்கார்ந்து என்னைக் கேட்டார். பிள்ளை பெற்ற தாய்மாருக்கென்றே 10 கேள்விகள் இருக்கின்றன, எடின்பரோ அளவுகோல் என்பார்கள்: சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, மனக்கவலையில் தூக்கம் கெடுகிறதா என்று போய், கடைசிக் கேள்வி, உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. மிஸ் பதறவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை, மாமியிடம் ஒரு பிளேன்டீ கேட்டு வாங்கி, நான் அழுது முடித்து வாய் திறக்கும் வரைக்கும் அதை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார். மிஸ், அந்தத் தேத்தண்ணி ஆறிப்போனது எனக்குத் தெரியும்.

அப்புறம் மாமி. சிலர் காத்துக் கறுப்பு என்றார்கள், மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு வந்தது. மாமி முனியாண்டி கோயிலில் கயிறும் மந்திரித்துக் கட்டினார், கிளினிக்குக்கும் அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கேட்டவர்களிடம், "புள்ள பெத்த உடம்புக்குப் பத்தியம் பாக்குறோம்ல, மனசுக்கும் மருந்து வேணும்" என்று எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று சத்தமாகவே சொன்னார். அதற்குப் பிறகு யாரும் என் காதுபடக் கிசுகிசுக்கவில்லை.

ஹட்டனில் பஸ் மாறிப் போன ஆதார வைத்தியசாலையில் டொக்டர் சிங்களத்தில் பேச, எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. அங்கே வேலை செய்கிற ஒரு தங்கச்சி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்: இந்த செர்ட்ராலின் மாத்திரை தாய்ப்பாலில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும், பால் கொடுக்கலாம், குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும், நன்றாக இருக்கிறதென்று நீங்களாக நிறுத்தக் கூடாது. வார்ட்டில் படுக்கவில்லை, ஒரு சதம் செலவில்லை.

பக்கத்துக் காம்பரா அக்கா, நான் தூங்க வேண்டும் என்பதற்காகக் கொழுந்துக்குப் போகாமல், அன்றைய பேரை, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். தோட்டத்தில் ஒரு பேர் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும், அதை எப்படித் திருப்பித் தருவதென்றுதான் தெரியவில்லை. கொழும்பில் கடையில் நிற்கிற வீட்டுக்காரர், ராத்திரி கடை பூட்டிய பிறகு அலுப்பைப் பார்க்காமல் போனில் கூடவே இருந்தார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைச் சுவரில் எழுதி வைக்கச் சொன்னவரும் அவர்தான். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அது இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது, பிள்ளைப் பேற்றுக்காரி வீடென்றால் நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் தமிழில் சொல்லித் தந்த தங்கச்சிக்கு: உங்கள் பேரைக் கேட்காமல் வந்துவிட்டேன். இது கண்ணில் பட்டால் தெரிந்துகொள்ளுங்கள், மருந்து கேட்டது, மகள் நடக்கிறாள், அடுத்த கிளினிக்குக்கு அவளையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.