பாலைவனத்துக் குளக்கரைகள்

அன்புள்ள முத்துவுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தங்கச்சிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்தாயிற்று என்று படித்ததும் கமலாவுக்கும் எனக்கும் பெரிய நிம்மதி. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று கமலா சொல்லச் சொன்னாள். இங்கே எல்லோரும் நலம். பேரன் பன்னிரண்டாவது வந்துவிட்டான், வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

உஸ்பெகிஸ்தான் போய்வந்ததை விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். விவரமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் நான் அங்கே பார்த்ததில் பாதி நீ பார்த்திருக்க வேண்டியது. முப்பது வருஷத்துக்கு மேல் பொதுப்பணித் துறையில் மடையும் கலிங்கும் வரத்துக்காலும் என்று அலைந்த ஆள் நீ. நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், கட்டிடங்களைப் பார்க்கத்தான் கிளம்பினேன். ஆனால் அந்த ஊர்களில் கட்டிடத்தை நிற்க வைத்திருப்பது தண்ணீர்தான்.

தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி சிலைக்கு முன்னால் எங்கள் குழு முழுவதும் கொஞ்ச நேரம் நின்றது. 1966 ஜனவரி 11 அன்று அவர் அந்த ஊரில் இறந்துபோன செய்தி நம் வீட்டு ரேடியோக்களில் வந்ததை வயதானவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். சாமர்கண்டின் நீலக் குவிமாடங்களைப் படத்தில் பார்த்திருப்பாய், நேரிலும் அதே அழகு. அதோடு அதை விட்டுவிட்டு மேற்கே போகிறேன்.

சாமர்கண்டிலிருந்து புகாராவுக்குப் போகும் சாலையில், நவாயி என்ற ஊரின் பக்கம், ரபாத்தி மாலிக் என்று ஒரு பழைய சத்திரம். பதினோராம் நூற்றாண்டில் கட்டியது. இப்போது வாசல் வளைவு மட்டும்தான் உயரமாக நிற்கிறது. எல்லோரும் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டிப் பெண் சாலைக்கு எதிர்ப்புறம் கையைக் காட்டினார். தரையோடு தரையாக ஒரு செங்கல் குவிமாடம். பாதிக்கு மேல் மண்ணுக்குள். சர்தோபா என்கிறார்கள், மூடிய நீர்த்தொட்டி. படியிறங்கினால் உள்ளே வட்டமான குளம், தலைக்கு மேல் முழுக்கக் கூரை. வெயில் உறிஞ்சாது, புழுதி விழாது. ஜராஃப்ஷான் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். ஒட்டகக் கூட்டத்தோடு வந்த வியாபாரிக்கு அந்த மைதானத்தில் வேறு தண்ணீரே கிடையாது. உள்ளே இறங்கியதும் வெளியே இருந்த அனல் போன இடம் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் அந்தக் குவிமாடத்தின் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாய்.

அந்த ஜராஃப்ஷான்தான் சாமர்கண்டுக்கும் புகாராவுக்கும் தாய். தஜிகிஸ்தான் மலைகளில் பனி உருகிக் கிளம்புகிறது. கடலுக்குப் போவதில்லை. பழைய காலத்தில் ஆமு தார்யா என்ற பெரிய ஆற்றில் போய்ச் சேர்ந்தது, இப்போது புகாராவைத் தாண்டிப் பாலைவனத்திலேயே முடிந்துவிடுகிறது. வயலுக்கும் ஊருக்கும் பிரித்துப் பிரித்துக் கொடுத்தே தீர்ந்துபோகிறது.

புகாராவுக்குள் அந்த ஆற்றின் தண்ணீரை ஷாருத் என்ற கால்வாய் கொண்டுவரும். அதிலிருந்து தெருவுக்குத் தெரு குளங்கள். ஹவ்ஸ் என்பார்கள். கல் படிக்கட்டு வைத்த குளங்கள், ஒரு காலத்தில் எண்பதுக்கும் மேல் இருந்திருக்கின்றன. இன்றைக்குக் கையால் எண்ணிவிடலாம். நாங்கள் தங்கியது லாபி ஹவ்ஸ் பக்கத்தில். 1620 வாக்கில் கட்டிய குளம், கரையில் முசுக்கட்டை மரங்கள். 1477இல் நட்டவை என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதாவது குளத்தைவிட மரங்களுக்கு வயது அதிகம். சாயங்காலம் அந்த மரத்தடியில் பச்சைத் தேநீரோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஊரே அங்கே வந்து உட்காருகிறது. கிழவர்கள் நம்மைப் பார்த்ததும் ‘ஹிந்துஸ்தான்!’ என்று கையைப் பிடித்துக்கொண்டு ராஜ் கபூர் பாட்டைப் பாடுகிறார்கள்.

மற்ற குளங்கள் எங்கே போயின என்று வழிகாட்டியைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும். அந்தக் குளங்களில்தான் ஊர் முழுக்கக் குடித்தது. தோல்பையில் மொண்டு வீடு வீடாகக் கொண்டுபோக ஆட்கள் இருந்தார்கள். அதே படியில் இறங்கிக் கைகால் கழுவினார்கள். விளைவு, நரம்புச் சிலந்தி என்ற புழு நோய். 1558இல் அந்த ஊருக்குப் போன ஆன்டனி ஜென்கின்சன் என்ற ஆங்கில வியாபாரி, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களின் காலில் தோலுக்கும் சதைக்கும் நடுவே நீளமான புழு உண்டாகிறது, அதைக் கணுக்கால் பக்கம் லாவகமாக இழுத்து எடுக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

வழிகாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவில் வந்திருந்த சிவகங்கைப் பக்கத்து அம்மா ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், முன்னால் வந்தார். ‘எங்க அப்பத்தாவுக்கு இருந்துச்சு’ என்றார். புழுவின் தலை வெளியே வந்ததும் அதைக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உருவுவார்களாம். அறுந்துவிட்டால் கால் சீழ் பிடித்துப்போகும். ‘அதனாலதான் எங்க ஊருணியில யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு காவல் போட்டிருந்தாங்க’ என்றார். நான் அதை வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தன் பாட்டியும் இதையேதான் சொல்வாராம். புண்ணோடு இருக்கிறவர் தண்ணீரில் கால் வைத்தால் புழு அங்கே முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளைக் கக்கும், கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் பூச்சி அதைத் தின்னும், அந்தப் பூச்சியோடு சேர்த்துக் குடிப்பவருக்கு ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரைச் சரி பண்ணுவது ஒன்றுதான் வழி.

சோவியத் ஆட்சி வந்த பிறகு இசாயெவ் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர் தலைமையில் இந்த நோயை ஒழிக்க இறங்கினார்கள். குளங்களை வற்றவைத்தார்கள், குழாய் போட்டார்கள். 1930களின் தொடக்கத்திலேயே புகாராவில் நோய் ஒழிந்துவிட்டது. நம் நாட்டில் கடைசி நோயாளி 1996இல்தான், 2000இல்தான் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. படிக்கிணறுகளை நீர் இறைக்கும் கிணறுகளாக மாற்றியதும் அந்த வேலையில் பெரிய பங்கு. நீயும் உன் துறைக்காரர்களும் செய்த காரியங்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை, முத்து. ஆனால் அந்த அம்மாவின் பேத்திக்குக் காலில் அந்தத் தழும்பு இல்லை. குளக்கரையில் நின்றபோது எனக்கு அதுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

புகாராக் கோட்டைக்கு எதிரே, போலோ ஹவ்ஸ் குளத்துக்குப் பக்கத்தில், இரும்புக் கம்பிகளை வலை போலப் பின்னிய கோபுரம் ஒன்று நிற்கிறது. பழைய ஊரில் அது ஒட்டவில்லை என்று எங்களில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது 1127இல் கட்டிய கல்யான் மினாருக்குச் சமமான கட்டிடம். விளாதிமிர் ஷுகோவ் என்ற ரஷ்யப் பொறியாளரின் வடிவமைப்பு, 1920களின் கடைசியில் குடிநீர்த் தொட்டி தாங்கக் கட்டியது. குளத்துத் தண்ணீரிலிருந்து ஊரைக் குழாய்த் தண்ணீருக்கு மாற்றிய கோபுரம் அது. சுற்றுலா அட்டவணையில் அது இல்லை. இப்போது லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், நானும் இன்னும் இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் ஏறிப் பார்த்தோம். கீழே மண் நிறத்தில் ஊர், நீலக் குவிமாடங்கள், தூரத்தில் பச்சை விளிம்பு.

குளங்கள் போனதில் ஒரு நஷ்டமும் உண்டு. மினார்களின் உச்சியில் கூடு கட்டியிருந்த நாரைகள், தவளையும் தண்ணீரும் இல்லாமல் ஊரை விட்டே போய்விட்டன. பழைய படங்களில் பார்க்கலாம். ஆனாலும் அன்றைக்குக் குளங்களை வற்றவைத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது அந்த ஊர்களுக்கு வேறு தொல்லை, உப்பு. பழைய மதரஸாக்களின் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஜராஃப்ஷான் போதாதென்று 1960களில் ஆமு தார்யாவிலிருந்து பம்பு வைத்து ஏற்றிப் புகாராவுக்குக் கால்வாய் கொண்டுவந்தார்கள். எல்லாம் பருத்திக்காக. சிமெண்டு பூசாத கால்வாய்களில் தண்ணீர் கசிந்து நிலத்தடி நீர் மேலே வருகிறது, உப்பையும் கூடவே தூக்கி வருகிறது. வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். குளிர்காலத்தில் வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி உப்பைக் கழுவுகிறார்கள். விதைப்பதற்கு முன்னாலேயே அவ்வளவு தண்ணீர் செலவு! ஆரல் கடல் வற்றிய கதை உனக்குத் தெரியும். 1960இல் உலகின் நான்காவது பெரிய ஏரி, இன்றைக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. நாங்கள் அங்கே போகவில்லை, ஆனால் அதற்குப் போக வேண்டிய தண்ணீரைப் பஸ் ஜன்னல் வழியாக வழி நெடுகப் பருத்தி வயல்களில் பார்த்தோம். மாணவியாக இருந்தபோது அறுவடைக்கு வகுப்போடு அனுப்புவார்கள், விரல் எல்லாம் கிழிந்திருக்கும் என்று வழிகாட்டி சொன்னார். அந்தக் கட்டாய வேலை நின்ற பிறகு, 2022இல்தான் வெளிநாட்டு நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தி மீதான புறக்கணிப்பை விலக்கிக்கொண்டன.

புகாராவிலிருந்து கீவாவுக்கு கிசில்கும் பாலைவனம் வழியாக நாள் முழுக்கப் பயணம். முட்புதரும் செம்மண்ணும்தான். ஓரிடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள், கீழே ஆமு தார்யா, அக்கரை துர்க்மெனிஸ்தான். அப்புறம் ஆற்றின் வாய்க்கால்கள் தொடங்கும் இடத்தில் சட்டென்று பச்சை. பாலைவனம் முடிவதற்கும் வயல் தொடங்குவதற்கும் நடுவே ஒரு வாய்க்கால் அகலம்தான் இடைவெளி.

கீவாவின் உள்கோட்டை மண் சுவரால் ஆனது. ஊர் பிறந்ததே ஒரு கிணற்றால் என்கிறார்கள். நோவாவின் மகன் ஷேம் தோண்டியது என்பது ஐதீகம், அந்தக் கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள். வீடுகளில் உயரமான திண்ணை மண்டபம் வடக்கு பார்த்துத் திறந்திருக்கும், கோடையில் வரும் காற்றைப் பிடித்து முற்றத்தில் இறக்கும். கணித மேதை அல் குவாரிஸ்மிக்கு அங்கே சிலை இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது முலாம்பழக் கடையில். அந்தப் பழத்தை அவ்வளவு இனிப்பாக நான் சாப்பிட்டதே இல்லை. குவாரிஸ்ம் என்ற இந்தப் பகுதியின் முலாம்பழத்தைக் கீற்றாக வெட்டி வெயிலில் உலர்த்தி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று பயணி இப்னு பதூதா பதினான்காம் நூற்றாண்டில் எழுதினார். இன்றும் உலர்த்திப் பின்னி விற்கிறார்கள். உனக்கு ஒரு சடை வாங்கி வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். கறி சாப்பிடாதவர்களுக்கும் கஷ்டமில்லை. ரொட்டி, தக்காளி, தயிர், பூசணிக்காய் வைத்த சம்சா எங்கும் கிடைக்கிறது. குழுவோடு போவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். காலை ஏழரைக்கே பெட்டியை வெளியே வைக்கச் சொல்கிறார்கள், நல்ல இடத்தில் கால் மணி நேரம்தான் தருகிறார்கள், நகைக்கடையில் முக்கால் மணி நேரம் தருகிறார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் தனியாகப் போயிருந்தால் அந்தச் சிவகங்கை அம்மா என்னோடு இருந்திருக்க மாட்டார். வழிகாட்டியும் தன் பாட்டியைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மா தன் ஊருணியைப் பார்க்க எங்களை அழைத்திருக்கிறார். இப்போதும் தண்ணீர் நிற்கிறதாம், ஆனால் வரத்துக்கால் ஒரு பக்கம் தூர்ந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை என்றார். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். பொங்கல் கழித்து நாங்கள் மதுரைக்கு வருகிறோம். தங்கச்சிக்கு உடம்பு தேறியிருந்தால் ஒரு நாள் கார் வைத்துக்கொண்டு நாலு பேருமே போய்வரலாம். உனக்குத் தோதான தேதியை எழுது. பழைய அளவு நாடா இன்னும் இருந்தால் அதையும் எடுத்து வை.

உன்,
சுந்தரம்