ஆசாரிக்கும் அண்ணாச்சிக்கும் நாடா அக்காவுக்கும் ஒரு நன்றி மடல்

பிள்ளைகள் வளர்கிற, வீடு வளராத குடும்பங்கள் நாங்கள். வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம், பழங்காநத்தம் என்று மதுரையில் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். இருக்கிற கட்டிலையும் நாற்காலியையும் பீரோவையும் கழற்றி, தேய்த்து, பின்னி, உயர்த்தி ஓட்டுகிறோம். இதற்கு வழி சொன்னவர்களில் பெரும்பாலோர் இதே வேலையைச் செய்து பிழைப்பவர்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கூலி அவர்கள் கைக்குப் போயிருக்கும். அந்தக் கூலியை விட்டுக்கொடுத்துத் தொழிலைச் சொன்னதற்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம், தொழிலைச் சொன்னால் போதும் என்றார்கள். நீங்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம், வாசிக்கிற வீடுகளுக்கும் ஆகட்டும்.

முதல் வணக்கம் ஆசாரி அண்ணனுக்கு. ஆடுகிற நாற்காலியைக் கண்டால் எல்லார் கையும் ஆணியைத் தேடும். ஆணி இறங்கினால் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் சட்டத்தின் முனை, பிளக்கும். கொஞ்ச நாளில் ஆட்டம் திரும்பும். அப்புறம் ஆசாரி வந்தாலும் பிளந்த கழுந்தை ஒன்றும் செய்ய முடியாது. "ஆட்டம் மரத்துல இல்ல, செத்துப்போன பசையில இருக்கு" என்று நீங்கள் சொன்னதில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது. புதுப் பசை மரத்தைப் பிடிக்கும், காய்ந்த பழைய பசையைப் பிடிக்காது. அதனால் ஒட்டுகிற வேலையை விடச் சுரண்டுகிற வேலைதான் அதிகம்.

மூட்டுக்கு மூட்டு சாக்பீஸால் எண் போட்டுவிட்டு, துணியை வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டிக் கழற்ற வேண்டும். எண் போடாமல் கழற்றினால் எந்தச் சட்டம் எந்தத் துளைக்கு என்று தெரியாமல் போகும். பழைய காலத்து நாற்காலி என்றால் உள்ளே வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசை) இருக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் அது இளகிவிடும். வெள்ளை ஃபெவிகால் என்றால் உளியால் மரம் தெரியும் வரை சுரண்டத்தான் வேண்டும். சுரண்டியபின் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்கணும். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. விழுந்தால், மரத்தை இழைக்கும் இழைப்புளியில் வருகிற மெல்லிய சுருளைப் பசையில் தோய்த்துக் கழுந்தைச் சுற்றி ஒட்டினால் இடைவெளி அடைபடும். பசையைக் கழுந்திலும் தடவணும், துளையின் உள்சுவரிலும் தடவணும். கிளாம்ப் இல்லாத வீட்டில் நாலு காலையும் கயிற்றால் சுற்றி, நடுவே குச்சியைச் செருகி முறுக்கினால் அதே அழுத்தம் கிடைக்கும். முறுக்கிய உடனே உட்காரும் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம் இருந்தாலும் அப்போதே தட்டிச் சரி செய்யலாம், விடிந்தபிறகு முடியாது. வெளியே பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அந்த இடத்தில் மட்டும் பாலிஷ் ஏறாது. 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுதான் கஷ்டமான கட்டம், நாற்காலியைப் பரணில் ஏற்றிவிடுவது உத்தமம்.

பூச்சி விஷயத்திலும் நீங்கள் சொன்ன அடையாளம் பலருடைய காசை மிச்சம் பிடித்தது. மண்பாதை போட்டு ஏறினால் அது தரையிலிருந்து வரும் கரையான். நாற்காலிக்கு மட்டும் மருந்து அடித்து ஆகாது, சுவரோரத்தைப் பார்க்கணும். சின்ன வட்டத் துளையும் கீழே மாவும் இருந்தால் அது மரத்துக்குள் இருக்கும் வண்டு. துளைக்குத் துளை ஊசி சிரிஞ்சால் மருந்து ஏற்றி, மெழுகால் அடைக்க வேண்டும். குழந்தை பல்லால் கடிக்கும் கட்டில் விளிம்பு, தொட்டில் சட்டம் இரண்டுக்கும் இந்த மருந்து கூடவே கூடாது என்று நீங்கள் கறாராகச் சொன்னதையும் இங்கே குறித்துவிடுகிறோம்.

பாலிஷ் போடும் பெரியவருக்கு: தேக்கு சாமானைக் கண்டதும் உப்புத்தாளை எடுக்கக் கூடாது என்றீர்கள். முதலில் மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அசையாவிட்டால் ஒரு சொட்டு என்சி தின்னர் (லேக்கர் பாலிஷைக் கரைக்கும் திரவம்). அதற்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் மெலமைன் அல்லது பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ், அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அரக்குப் பாலிஷ் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை மிச்சம். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் அழுக்கை எடுத்து, காயவிட்டு, அதன் மேலேயே புது அரக்கை ஏற்றலாம், பழையதும் புதியதும் ஒன்றாகக் கரைந்து சேர்ந்துகொள்ளும்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்குச் செதில். கண்ணாடி பாட்டிலில் ஓர் இரவு ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டணும். தகர டப்பாவில் வைத்தால் நிறம் கறுக்கும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்த கரைசல் பூசினால் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதைக் கொட்டிவிடலாம். பஞ்சைத் துணியில் பொதிந்து, நனைத்து, ஒரே போக்கில் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் துணி ஒட்டித் தடம் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போட்டால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூக்கும். தை முதல் பங்குனி வரை மதுரையில் இந்த வேலைக்கு நல்ல காலம். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் அரக்கு வேண்டாம், சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று சொன்னதற்குத் தனி நன்றி. விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

பெயின்ட் கடை அண்ணாச்சிக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. வாங்க வந்தவர்களிடம் "இது வேண்டாம்" என்று சொல்லும் கடைக்காரர் அபூர்வம். பீரோவோ மர அலமாரியோ, எனாமல் உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் பெயின்ட் காரணமில்லை, அடியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குதான். சலவை சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொருமுறை துடைத்து, காய்ந்தபின் 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும், அடிமரம் வரை போக வேண்டியதில்லை. துரு இருக்கும் இடத்தில் இரும்பு தெரியச் சுரண்டி ரெட் ஆக்சைடு என்ற துருத் தடுப்புப் பூச்சு, மரம் தெரியும் இடத்தில் மர பிரைமர். எனாமலுக்கு டர்பன்டைன்தான், அவசரத்துக்கு என்சி தின்னர் கலந்தால் அடியில் இருக்கும் பழைய எனாமல் கோழித்தோல் மாதிரி சுருங்கி எழும்பும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஓர் இரவு இடைவெளி. உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நின்று கொப்புளிக்கும். நிழலில், காலை வேளையில் அடிக்கணும். தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி அடங்கும். ஆடிக் காற்றில் அடித்தால் தெருமண் முழுக்கப் பீரோவில்தான் இருக்கும்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுக்கு அண்ணாச்சி சொன்ன ஒன்று இதையெல்லாம் விட முக்கியம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் பூசிய சாமானில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது; சூடு காட்டியும் உரிக்கக் கூடாது. வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை) தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியில் வழித்துக் கட்டிப் போட வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

நாடா பின்னும் அக்கா, உங்கள் கணக்கு இன்னும் பல வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. 6க்கு 3 அடி பைப் கட்டில், ஒன்றரை அங்குல நைலான் நாடா. குறுக்கே 48 ஓட்டம், ஓட்டத்துக்கு 3 அடி, 144 அடி. நீளவாக்கில் 24 ஓட்டம், ஓட்டத்துக்கு 6 அடி, அதுவும் 144. பைப்பைச் சுற்றி மேல்பக்கமாகவே திரும்பும் பின்னலுக்கு, சுற்றும் முடிச்சும் சேர்த்து 330 அடி வாங்கினால் குறையாது. பின்னுவதற்கு முன்னால் பைப்பைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்கணும், வெல்டிங் முனைகளை அரத்தால் ராவணும். நாடா அறுவது எப்போதுமே பைப்பில் உரசும் இடத்தில்தான், நடுவில் இல்லை. முதலில் ஓட்டும் வரிசையை முழு முறுக்கில் இழுத்துவிட்டால் இரண்டாவது வரிசை கடைசி ஒரு அடியில் நுழையாது. முதல் வரிசை கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், குறுக்கே பின்னப் பின்னத் தானே இறுகும். கடைசி முடிச்சை எட்டுகிற இடத்தில் விட்டால் தொய்யும்போது அவிழ்த்து இழுத்துக்கொள்ளலாம்.

மெத்தை தைக்கும் பாய் அண்ணனுக்கு: 18 அங்குலச் சதுர சீட்டுக்கு 2 அங்குல ஃபோம், 40 டென்சிட்டி. துணி 26க்கு 26. ஆறு நாற்காலிக்கு 54 அங்குல அகலத் துணி இரண்டேகால் மீட்டர். ஸ்டேப்பிள் பின் அடிக்கும்போது நான்கு பக்கத்தின் நடுவிலும் முதலில், மூலை கடைசியில். ரெக்சின் என்றால் அடிப்பலகையில் நாலைந்து ஓட்டை போட்டால்தான் உட்காரும்போது காற்று வெளியேறும், இல்லாவிட்டால் தையல் பிரியும். மதுரை வெயிலுக்கு ரெக்சின் முதுகில் ஒட்டும் என்று சுங்குடித் துணியில் மேலுறை போடச் சொன்னவர் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையல்கார அண்ணன். வெட்டும் முன் துணியைத் தனியாக ஒரு அலசு அலசணும், சாயமும் போகும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும்.

பிசியோதெரபி பார்க்கும் தங்கைதான் பிள்ளைகளின் மேசைக்கு அளவு கொடுத்தார். 120 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 12 அங்குலம், மேசை 21. 140 வரை 14-ம் 23-ம். 155 வரை 15-ம் 25-ம். அதற்கு மேல் 17-ம் 28-ம். பாதம் தரையில் படியணும், முழங்கை மேசை மட்டத்தில் இருக்கணும். தரையில் உட்கார்ந்து எழுதும் பிள்ளைக்கும் முழங்கைக் கணக்குதான். இந்த நான்கு உயரத்துக்கும் ஒரே மேசை போதும் என்று கால்சட்டத்தில் துளை வரிசை போடச் சொன்ன பிளைவுட் கடைத் தம்பிக்கும் நன்றி. 8 மில்லிமீட்டர் போல்ட், கையால் திருகும் காது நட். 8க்கு 4 அடி ஷீட்டில் கால் பாகம் மேசைப் பலகைக்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நூல் வாளோடு போகும், அதைச் சேர்த்தே அளவு எழுத வேண்டும். புத்தகத் தட்டு இரண்டரை அடிக்கு மேல் தாங்கலில்லாமல் போனால் 19 மில்லிமீட்டர் பலகையும் தொய்யும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குலத் தேக்குச் சட்டத்தை நிறுத்தி ஒட்டினால் தாங்கும். தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடுகளில் கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் கட்டாயம், நீர் குடித்து உப்பிய பார்ட்டிக்கிள் போர்டு பழையபடி ஆகாது.

மறுத்தவருக்கும் நன்றி உண்டு. பழைய கட்டில் மேல் இன்னொரு கட்டிலை ஏற்றி வெல்டிங் வைத்துத்தரச் சொன்னபோது பட்டறை அண்ணன் அளவு நாடாவை மேலே காட்டினார். 10 அடிக் கூரையில் ஃபேன் இறக்கை எட்டரை, ஒன்பது அடியில் சுற்றும். மேல் தட்டு 5 அடி, மெத்தை 5 அங்குலம், உட்கார்ந்த பிள்ளையின் உயரம் இரண்டரை அடி. கையைத் தூக்கினால் இறக்கை. அதற்குப் பதில் கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்து இழுக்கும் தட்டுக் கட்டிலைச் சொன்னார், தரைக்கும் சட்டத்துக்கும் 12 அங்குலம் இருந்தால் 4 அங்குல மெத்தையோடு உள்ளே போய்விடும். பீரோவைச் சுவரோடு பூட்டும் எல் ஆங்கிள் இரண்டையும் காசு வாங்காமல் கொடுத்ததும் அவரே. சுவரின் சிமென்ட் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும் என்பதால் இரண்டரை அங்குலத் திருகாணி. துளை பொலபொலவென்று உதிர்ந்தால் அது செங்கலுக்கு நடுவே உள்ள கலவை இணைப்பு, இரண்டு அங்குலம் தள்ளிப் போடணும். இழுப்பறையைப் படியாக்கி ஏறும் வயதுப் பிள்ளை இருந்தால், பெயின்ட் அப்புறம், இதுதான் முதல் வேலை.

உங்கள் எல்லாருக்கும் வேலை வரவேண்டிய இடத்தில் எங்கள் கை இருக்காது. வெல்டிங், வயரிங், நிலைக்கதவு இறக்குவது, மெலமைன் ஸ்பிரே இவை எதையும் நாங்கள் தொடுவதில்லை, கேட்பவர்களையும் உங்களிடம்தான் அனுப்புகிறோம். கூலியைக் குறைத்துக் கேட்காதீர்கள் என்றும் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம், பழங்காநத்தம் பக்கத்துக் குடும்பங்கள்

பின்குறிப்பு: ஆசாரி அண்ணனின் நீளக் கிளாம்புகள் இப்போது பழங்காநத்தத்தில் இருக்கின்றன. அடுத்து வேண்டியவர்கள் ஆடி பிறப்பதற்குள் வாங்கிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும்போது தாடையில் ஒட்டிய ஃபெவிகாலைச் சுரண்டிவிட்டு, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுக்கவும்.